மார்மன் குழந்தைகளும் சாத்தான் பயமும்

மார்மன்கள் என்று நாம் பொதுவாகச் சொல்பவர்கள், 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்த ஒரு கிறிஸ்தவக் கிளையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள் என்பது சபையின் கணக்கு. மது, சிகரெட் கிடையாது, காபி டீ கூடக் கிடையாது. ஐடியில் இருக்கும் சிலர் யூட்டா ஆட்களோடு வேலை பார்த்திருப்பீர்கள். அமைதியானவர்கள், குடும்பப் பாசம் அதிகம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

அப்படிப்பட்ட அன்பான வீடுகளில் வளர்ந்த சிலர், 30 வயதுக்கு மேலும் இருட்டு அறைக்குள் போகப் பயப்படுகிறார்கள். மனசுக்குள் ஒரு கெட்ட எண்ணம் வந்தால் "இது சாத்தான் போட்டது" என்று நடுங்குகிறார்கள். சபையை விட்டு வந்தபிறகும் இந்தப் பயம் போகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. சாத்தான் இருக்கிறானா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆறேழு வயசுக் குழந்தையின் தலைக்குள் அந்தப் பாடம் போனால் என்ன ஆகிறது என்பது மட்டும்தான் விஷயம்.

மார்மன் சாத்தான் எப்படிப்பட்டவன்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. மற்ற கிறிஸ்தவர்களின் சாத்தானுக்கும் இவனுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது.

மார்மன் நம்பிக்கைப்படி, பூமிக்கு வருவதற்கு முன்பே நாம் எல்லோரும் ஆவிகளாகக் கடவுளோடு வாழ்ந்தோம். எல்லோரும் அவருடைய பிள்ளைகள். லூசிபரும் அதே குடும்பத்தில் ஒருவன். மனிதர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையே வேண்டாம், எல்லோரையும் கட்டாயப்படுத்திக் காப்பாற்றிவிடலாம் என்று அவன் ஒரு திட்டம் சொன்னான். அது ஏற்கப்படவில்லை. கலகம் செய்தான். பரலோகத்தில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அவன் பின்னால் போனது. அவர்கள் எல்லோரும் உடம்பே இல்லாமல் பூமிக்குத் தள்ளப்பட்டார்கள். உடம்பு கிடைத்த நம்மைப் பார்த்துப் பொறாமையோடு இங்கேயே சுற்றிக்கொண்டு இருக்கிறார்கள்.

இந்த மதத்தின் ஆரம்பக் கதையிலேயே அவன் இருக்கிறான். 1820ல் தனக்குக் கடவுள் தரிசனம் கிடைப்பதற்குச் சற்று முன், ஏதோ ஒரு இருட்டு சக்தி தன்னைப் பிடித்து நாக்கைக் கட்டிப்போட்டது என்று ஜோசப் ஸ்மித் எழுதியிருக்கிறார். 1837ல் இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் ஊருக்குப் போன முதல் மிஷனரிகள் கெட்ட ஆவிகளைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன கதையும் பிரபலம். எதிரே வந்து நிற்பது தேவதூதனா பிசாசா என்று கை குலுக்கிக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுகூட, 1843 தேதியிட்டு, அவர்களின் வேதத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், மற்ற சபைகளில் சொல்லும் நித்திய நரக நெருப்பு இங்கே கிட்டத்தட்ட இல்லை. செத்த பிறகு மூன்று வகை மகிமையான உலகங்கள். மிகச் சிலர் மட்டுமே வெளி இருளுக்குப் போவார்கள். கேட்பதற்கு நல்ல கொள்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் நரகத்தை விட்டவர்கள் சாத்தானை விடவில்லை. அதனால் பயம் சாவுக்குப் பிந்தைய இடத்திலிருந்து இடம் மாறி, இன்றைக்கு, இந்த வீட்டில், என் தலைக்குள் என்று வந்து உட்கார்ந்துவிட்டது.

இழப்பும் வேறு மாதிரி. கோயிலில் முத்திரையிடப்பட்ட குடும்பம் என்றென்றைக்கும் சேர்ந்திருக்கும் என்பது அவர்களின் மிகப் பெரிய வாக்குறுதி. பெரியவர்களுக்கு அது ஆறுதல். குழந்தை அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும்: "நான் சாத்தான் பேச்சைக் கேட்டுட்டா, அம்மா அப்பா எல்லாரும் ஒரு இடத்துல இருப்பாங்க, நான் மட்டும் இருக்கமாட்டேன்." ஏழு வயசுக்கு நெருப்பைவிட இதுதான் பெரிய பயம்.

எட்டாவது பிறந்தநாள்

மார்மன்கள் பிறவிப் பாவத்தை ஏற்பதில்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மார்மன் புஸ்தகம் கடுமையாகக் கண்டிக்கிறது. பொறுப்பு வரும் வயது வரை சாத்தானால் குழந்தையைச் சோதிக்கவே முடியாது என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் என்ற நூல் சொல்கிறது. அந்த வயது 8. அப்போது பிஷப் குழந்தையிடம் பேசுவார், பிறகு தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம், அதன்பின் தலையில் கைவைத்துப் பரிசுத்த ஆவியின் வரம்.

எழுதினவர்களின் நோக்கம் குழந்தையைக் காப்பாற்றுவதுதான். ஆனால் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு இது எப்படிக் கேட்கும்? நேற்று வரைக்கும் அவனால் என்னைத் தொட முடியாது, நாளையிலிருந்து முடியும். ஃபயர்வாலை ஒரு தேதி குறித்து ஆஃப் செய்வது போல.

அந்த வயதைப் பற்றி ழான் பியாஜே 1932லேயே எழுதியிருக்கிறார். ஒரு பையன் தெரியாமல் கதவைத் தள்ளி 15 கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைத்தான். யார் பெரிய தப்பு செய்தது? சின்னக் குழந்தைகள் பலர் 15 கோப்பை உடைத்தவனைத்தான் காட்டினார்கள். நோக்கத்தைவிட விளைவைப் பார்க்கும் வயது அது. தப்பு செய்தால் தண்டனை தானாக வந்து விழும் என்று நம்பும் வயதும் அதுதான். பொய் சொன்ன அன்றைக்கு சைக்கிளிலிருந்து விழுந்தால் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடும். இந்த யோசனை முறையிலிருந்து குழந்தை மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும்போது, "இனி உன் பாவத்துக்கு நீயே பொறுப்பு, ஒருத்தன் உன்னைக் கவனிச்சுக்கிட்டே இருக்கான்" என்று சொல்கிறோம்.

வெறும் வார்த்தையால் பயம் வருமா?

வரும். நேரடி அனுபவம், மற்றவர் பயப்படுவதைப் பார்ப்பது, சொல்லிக் கேட்பது என்று பயம் வரும் வழிகள் மூன்று என ஸ்டான்லி ராக்மன் 1977ல் வகுத்தார். மூன்றாவது வழியை ஆண்டி ஃபீல்டும் ஜோவான் லாசனும் 2003ல் சோதித்தார்கள். 6 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம், அவர்கள் கேள்விப்பட்டே இராத ஆஸ்திரேலியப் பிராணிகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒன்றைப் பற்றி நல்ல கதை, ஒன்றைப் பற்றிக் கெட்ட கதை. பிறகு அந்தப் பிராணி இருப்பதாகச் சொன்ன பெட்டிக்குள் கையை விடச் சொன்னார்கள். கெட்ட கதை கேட்ட பிராணியின் பெட்டிக்குக் குழந்தைகள் தயங்கினார்கள். ஒரே ஒரு கதைக்கே இப்படி.

பால் ஹாரிஸின் 1991 ஆய்வு இன்னும் சுவாரசியம். காலிப் பெட்டி என்று குழந்தைகளுக்கே தெரியும். அதற்குள் ஒரு பயங்கரப் பிராணி இருப்பதாகச் சும்மா கற்பனை செய்யச் சொன்னார்கள். கற்பனைதான் என்று தெரிந்தும் சில குழந்தைகள் பெட்டிகிட்டே போக யோசித்தார்கள், உள்ளே ஏதாவது இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். "கற்பனை" என்று சொன்னதற்கே இந்த நிலைமை என்றால், "நிஜம்" என்று அம்மா, அப்பா, ஞாயிறு வகுப்பு டீச்சர், பிஷப் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் என்ன ஆகும்?

பூச்சாண்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். பூச்சாண்டியைச் சொல்கிறவரே நம்புவதில்லை. பத்து வயதில் குழந்தை சிரித்துவிடும். நாய்க்குப் பயந்த குழந்தைக்கு ஒரு நாய்க்குட்டியைக் காட்டிப் பயத்தைப் போக்கலாம். சாத்தானுக்கு அப்படி ஃபெயில் ஆகக்கூடிய டெஸ்ட் கேஸ் ஒன்றுகூட இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவன் பதுங்கியிருக்கிறான் என்று அர்த்தம். "சாத்தான் எல்லாம் கிடையாது" என்று ஒருவன் நினைத்தால், அப்படி நினைக்க வைத்ததே சாத்தான்தான். இதுவும் மார்மன் புஸ்தகத்திலேயே வரும் கருத்து.

முடிவில்லாத லூப்

என் பார்வையில் அதிக சேதம் செய்வது இந்த இடம்தான். 1829ல் ஜோசப் ஸ்மித் கொடுத்த ஒரு வெளிப்பாட்டின்படி, எடுத்த முடிவு சரியென்றால் நெஞ்சில் ஒரு கனல் தெரியும், தப்பென்றால் மனசு மந்தமாகிக் குழம்பும். இதிலிருந்து குழந்தைகளுக்கு ஒரு எளிய பாடம் வருகிறது: அமைதியாக இருந்தால் பரிசுத்த ஆவி கூட இருக்கிறார், குழப்பமும் இருட்டும் தெரிந்தால் அவர் விலகிவிட்டார், மற்றவன் வந்துவிட்டான்.

இப்போது இயல்பிலேயே கொஞ்சம் பதற்றமான குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சையோ, வீட்டுச் சண்டையோ, எதனாலோ நெஞ்சு படபடக்கிறது. அது உடம்பு சம்பந்தப்பட்டது என்று அதற்குத் தெரியாது. ஆவி போய்விட்டார் என்று படித்துக்கொள்கிறது. அப்படியென்றால் நான் ஏதோ பாவம் செய்திருக்கிறேன். என்ன பாவம் என்று தேடுகிறது. தேடினால் பதற்றம் கூடுகிறது. கூடின பதற்றம் இன்னும் பெரிய சாட்சி. தன் அலாரம் சத்தத்தையே புகை என்று எடுத்துக்கொள்ளும் ஸ்மோக் டிடெக்டர் எப்படி நிற்கும்?

எண்ணங்களும் இதே கதை. 1987ல் டேனியல் வெக்னர் ஒரு பரிசோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. கெட்ட எண்ணத்தைப் போட்டது சாத்தான் என்றால், உடனே விரட்ட வேண்டும். விரட்ட விரட்ட அது வரும். வந்தால் அவன் விடவில்லை என்று அர்த்தம். நினைத்ததும் செய்ததும் ஒன்றே என்று மனசு எடுத்துக்கொள்வதை உளவியலில் எண்ண-செயல் இணைவு என்பார்கள். கட்டாய எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி உள்ளவர்களிடம் இது அடிக்கடி தெரியும்.

செருப்புக்குள் கல்

ஓசிடி மதத்தின் உருவத்தில் வந்தால் அதற்கு ஸ்க்ருபுலாசிட்டி என்று பெயர். லத்தீனில் கூரான சின்னக் கல் என்ற வார்த்தையிலிருந்து வந்தது. செருப்புக்குள் சிக்கின கல் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் குத்தும். ஜெபத்தைச் "சரியாக" சொல்லவில்லை என்று பத்துத் தடவை சொல்வது, ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, "அம்மா, இது பாவமா?" என்று ஒரு நாளில் இருபது தடவை கேட்பது எல்லாம் இதில் வரும். "இல்லடா கண்ணு" என்று சொன்னால் ஐந்து நிமிஷம் நிம்மதி, அவ்வளவுதான்.

இது மார்மன்களுக்கு மட்டும் உரியது கிடையாது. மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தவர். ஆனால் மார்மன் அமைப்பில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பதின்ம வயதில் பிஷப்புடன் தனியாகத் தகுதி நேர்காணல் நடக்கும். பிஷப் சம்பளம் வாங்கும் முழுநேரப் போதகர் இல்லை. வார நாட்களில் பல் டாக்டராகவோ அக்கவுண்டன்ட்டாகவோ இருப்பவர். நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்து அழும் பையனுக்கு வந்திருப்பது குற்ற உணர்வா, நோயா என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி அவருக்குக் கிடையாது.

சிகிச்சை இருக்கிறது. பயத்தைத் தூண்டும் எண்ணத்தை வரவிட்டு, அதற்குப் பதிலாகச் செய்யும் சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். ஓசிடிக்கு நன்றாக வேலை செய்யும் முறை. ஆனால் "ஜெபத்தைத் திரும்பச் சொல்லாதே" என்று தெரபிஸ்ட் சொன்னால், இவர் காதில் அது யார் குரலாக விழும் என்று யோசித்துப் பாருங்கள். 2019ல் சபையின் சொந்தப் பத்திரிகையான என்சைனிலேயே ஸ்க்ருபுலாசிட்டி பற்றி ஒரு கட்டுரை வந்தது. அது ஒரு நல்ல ஆரம்பம்.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா?

ஆகாது. இதே பாடத்தைக் கேட்டு நன்றாகத் தூங்கும் குழந்தைகள் நிறைய. கட்டுப்பாடான வாழ்க்கை, உதவிக்கு ஓடி வரும் சபை, இதெல்லாம் மனசுக்கு நல்லதுதான். பிறவியிலேயே பதற்ற சுபாவம் உள்ள குழந்தைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கென்னத் பார்கமென்ட் குழுவின் 2001 ஆய்வு ஒன்று, 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு வருஷம் தொடர்ந்தது. மத நம்பிக்கையோடு போராடியவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. "இதைச் செய்தது பிசாசு" என்று முடிவு கட்டியது அப்படி ஆபத்தைக் கூட்டிய எண்ணங்களில் ஒன்று, சுமார் 19 சதவீதம். அவர்கள் வயதானவர்கள், அதை மார்மன் குழந்தைகள் மேல் அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் ஒரே மதத்துக்குள்ளேயே ஆறுதல் தரும் பகுதியும் உளைச்சல் தரும் பகுதியும் தனித்தனியாக இருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று ஒரு பெற்றோரிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருந்துகொண்டே செய்யக்கூடியவை சில உண்டு.

எட்டு வயதுக்குள் சாத்தான் பேச்சே தேவையில்லை. அவர்கள் வேதமே அந்த வயதை விட்டுவைத்திருக்கிறது. குழந்தை அடம்பிடித்தால் அது தூக்கம், பசி, கோபம். அதற்கு ஒரு பிசாசைக் காரணம் காட்ட வேண்டாம். எண்ணம் வருவது வேறு, செய்வது வேறு என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். நெஞ்சு படபடத்தால் அது உடம்பின் வேலை, கடவுள் போய்விட்டதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லலாம். ஒரே கேள்வி நாள் முழுக்க வந்தால் பிஷப்பிடம் போவதற்கு முன் ஓசிடி தெரிந்த உளவியலாளரிடம் போகலாம்.

நேர்காணலில் பெற்றோரோ வேறொரு பெரியவரோ கூட உட்காரலாம் என்று 2018 மார்ச்சில் சபை விதியை மாற்றியது. குழந்தைகளிடம் தனியறையில் அந்தரங்கக் கேள்விகள் கேட்கக் கூடாது என்று அந்தச் சமயத்தில் போராடிக்கொண்டிருந்த முன்னாள் பிஷப் சாம் யங், அதே வருஷம் செப்டம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். விதி இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் நடக்கும். பெற்றோர் கேட்க வேண்டும்.

சபையை விட்டு வந்து, இன்னும் ராத்திரியில் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. நம்பிக்கை போனபிறகும் பயம் இருப்பதால் உள்ளுக்குள் நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. வாதம் செய்து வந்த பயம் என்றால் வாதத்தால் போயிருக்கும். இது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே, உங்களுக்கு மிகவும் பிடித்தவர்களின் குரலில் உள்ளே போனது. அதனால் மெதுவாகத்தான் போகும். ஆனால் பழக்கினால் போகும்.