108 பீஸ் பெட்டி வேண்டாம், நல்ல ராட்செட் ஒன்று போதும்

சைக்கிளில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினால் பின் சக்கரத்தில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். அதுதான் ஃப்ரீவீல். முன்பக்கம் மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும், பின்பக்கம் மிதித்தால் சும்மா சுற்றும். மெக்கானிக் கையில் இருக்கிற ராட்செட் கைப்பிடி செய்வதும் இதே வேலைதான். ஒரு பக்கம் இழுத்தால் நட்டைத் திருப்பும். கையைத் திரும்பக் கொண்டுவரும்போது டிக் டிக் என்று சும்மா வரும். ஸ்பானர் மாதிரி ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழற்றி மாட்டத் தேவையில்லை.

நம் தொழிற்பிரிவு அண்ணன்கள் பலர் பிளஸ் டூ முடித்ததும் நேராக ஒர்க் ஷாப்புக்குப் போகிறவர்கள். கையில் காசு வந்ததும் முதலில் வாங்க ஆசைப்படுவது சாக்கெட் செட்டைத்தான். அந்தக் காசும் வீணாகக் கூடாது, விரலும் அடிபடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற பிரிவு மாணவர்களும் படிக்கலாம், வீட்டில் பைக் இருக்கும் இல்லையா?

ராட்செட் தலைக்குள்ளே முக்கியமான சாமான் மூன்றுதான். ஒரு பல் சக்கரம், பல்லில் போய் மாட்டுகிற சின்ன நாக்கு, அந்த நாக்கைத் தள்ளிப் பிடிக்கிற ஸ்பிரிங். மேலே உள்ள லீவரைத் தள்ளினால் நாக்கு மறுபக்கம் சாயும், இறுக்குகிற ராட்செட் கழற்றுகிற ராட்செட்டாக மாறிவிடும். சக்கரத்தில் 24 பல் இருந்தால், 360-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 15 டிகிரி. அதாவது அடுத்த பல்லைப் பிடிக்கக் கையை 15 டிகிரி ஆட்ட வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கான இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் 72 பல் என்று கடைக்காரர் சொன்னவுடனே மயங்கிவிடக் கூடாது. பல் அதிகமானால் ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். நாக்கு ஒரே நேரத்தில் பல பற்களைப் பிடிக்கிற மாதிரி நன்றாகச் செய்திருந்தால்தான் தாங்கும். மட்டமான 72-ஐ விட உருப்படியான 24 எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

பெட்டியின் மேல் 46 பீஸ், 108 பீஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் பாதி ஸ்குரூ டிரைவர் முனைகளாக இருக்கும்! 1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்பவர் 10 சாக்கெட், 5 கைப்பிடி மட்டும் வைத்துத்தான் வியாபாரம் தொடங்கினார். எந்தச் சாக்கெட்டையும் எந்தக் கைப்பிடியிலும் மாட்டலாம். பத்தை ஐந்தால் பெருக்கினால் ஐம்பது ஸ்பானர் ஆச்சு! ஸ்நாப்-ஆன் கம்பெனி அப்படி வந்ததுதான். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு வேண்டிய நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நம்பர் வேண்டும்? நட்டின் எதிர் எதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள மில்லிமீட்டர்தான் சாக்கெட் நம்பர். போல்ட்டின் தடிமன் அல்ல. 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10. 8 மி.மீ. போல்ட்டில்தான் குழப்பம். ஜப்பான் முறையில் வந்த வண்டிகளில் அதற்குத் தலை 12, மற்ற முறையில் 13. அதேபோல 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, பழைய ஐரோப்பிய முறையில் 17. ஜப்பான் வழி வந்த பைக் வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும். பழைய ஆயில் எஞ்சின்களில் அங்குல அளவு நட்டு இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 சாக்கெட் மாட்டும், ஆனால் 0.3 மி.மீ. இடைவெளி. 'மாட்டுதே' என்று இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிப் போகும். அப்புறம் உளி வைத்து வெட்டித்தான் எடுக்கணும்.

சாக்கெட்டின் உள்ளே 6 மூலை உள்ளது, 12 மூலை உள்ளது என்று இரண்டு வகை. 12 மூலை சீக்கிரம் மாட்டும், ஆனால் மூலையைத்தான் கடிக்கும். துருப்பிடித்த நட்டு, தேய்ந்த நட்டு எல்லாவற்றுக்கும் 6 மூலைதான் நல்லது. முதல் செட் வாங்குகிறவர் 6 மூலையே வாங்கலாம்.

அடுத்து டிரைவ், அதாவது கைப்பிடியில் நீட்டிக்கொண்டிருக்கிற சதுரக் கட்டை. 1/4, 3/8, 1/2 இஞ்ச் என்று வரும். ஒரே எஃகில் சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்கானால் முறுக்கைத் தாங்கும் பலம் எட்டு மடங்காகும். அப்படியென்றால் பெரியதையே வாங்கலாமே என்பீர்கள். அங்கேதான் ஆபத்து! 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். 25 செ.மீ. கைப்பிடியில் அது வெறும் 4 கிலோ எடையைத் தூக்குகிற பலம். பெரிய 1/2 இஞ்ச் ராட்செட்டில் அந்த அளவு கைக்கே தெரியாது, போல்ட் 'பட்'டென்று உள்ளேயே முறிந்துவிடும். பைக்குக்கு 3/8, காரின் சக்கர நட்டுக்கும் டிராக்டருக்கும் 1/2. இதுதான் என் சிபாரிசு.

கடையில் கூச்சப்படாமல் ராட்செட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். சதுரக் கட்டையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சும்மா வருகிற பக்கம் சுற்றுங்கள். கட்டையும் விரலை இழுத்துக்கொண்டு கூடவே சுற்றினால் உள்ளே இறுக்கம் அதிகம். அந்த மாதிரி ராட்செட், தளர்ந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவரும், வேலை முடியவே முடியாது. லீவர் தானாக மாறுகிறதா, சாக்கெட்டை மாட்டி உதறினால் விழுகிறதா என்றும் பாருங்கள். நம்பர் பெயிண்ட்டில் இல்லாமல் உலோகத்திலேயே பதிந்திருக்கணும். ஒற்றைச் சாக்கெட் தனியாகக் கிடைக்குமா என்று மறக்காமல் கேளுங்கள்.

சில ராட்செட்டின் முதுகில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ராபர்ட்ஸுக்கு அப்போது வயது 18, நம் பிளஸ் டூ அண்ணன்கள் வயசுதான்! அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தார். 10,000 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். அது லட்சக்கணக்கில் விற்ற பிறகு, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று 1969-ல் வழக்குப் போட்டார். இருபது வருஷம் இழுத்து, 1989-ல் 82 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இனிப் பராமரிப்பு. இறுகிய நட்டை முதலில் அசைக்க ராட்செட் வேண்டவே வேண்டாம். செட்டில் உள்ள பல் இல்லாத ஸ்லைடிங் டி கைப்பிடியைப் போட்டு அசைத்துவிட்டு, பிறகு ராட்செட்டில் சுற்றி எடுங்கள். கைப்பிடியில் பைப் சொருகி இழுப்பது பல பட்டறைகளில் பழக்கம். 20 கிலோ பலம் 25 செ.மீ.-ல் சுமார் 50 நியூட்டன் மீட்டர், ஒரு மீட்டர் பைப்பில் 200. அத்தனையும் அந்தச் சின்ன நாக்கின் மேல்தான் விழும். நாக்கு வழுக்கினால் உங்கள் முட்டி எஞ்சினில் போய் மோதும். எப்போதும் தன் பக்கம் இழுங்கள். தள்ளியே ஆகணும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

ராட்செட்டை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போடாதீர்கள். உள்ளே இருக்கிற எண்ணெய் கழுவிப்போய் அழுக்குத் தண்ணி மாதிரி உள்ளே இறங்கும். துணியால் துடைத்து, தையல் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டால் போதும். கெட்டி கிரீஸை அடைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு சரியாகப் பல்லில் உட்காராது. பின்தகட்டில் ஸ்குரூ இருந்தால் திறந்து சுத்தம் செய்யலாம். ஆனால் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் திறங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்கும் குண்டும் பறந்துவிடும், தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பேட்டரி கழற்றும்போது முதலில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ராட்செட் பாடியில் பட்டால் தீப்பொறிதான். பளபள குரோம் போட்ட சாக்கெட்டைக் காற்று மெஷினில் மாட்டாதீர்கள், சிதறும். அதற்குக் கறுப்பு நிறத்தில் தனியாக இருக்கிறது. குரோம் உரிந்த சாக்கெட் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது 10 நம்பர் சாக்கெட்டை மட்டும் கூடுதலாக இன்னொன்று சேர்த்து வாங்கி வையுங்கள். எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது அதுதான்.