எடித் ஸ்டைனும் ஹுசெர்லின் கையெழுத்துப் படிகளும்

எடித் ஸ்டைன் (அக்டோபர் 12, 1891 – ஆகஸ்ட் 9, 1942), தோற்றப்பாட்டியலை நிறுவிய மெய்யியலாளர் எட்மண்ட் ஹுசெர்லிடம் (1859–1938) 1916 முதல் 1918 வரை ஃபிரைபுர்க் நகரில் உதவியாளராகப் பணியாற்றியவர். ஹுசெர்லின் நூல்கள் சில இன்றுள்ள வடிவத்தைப் பெற்றதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அது நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது.

பணி

ஹுசெர்ல் எழுதிக்கொண்டே சிந்திப்பவர். காபெல்ஸ்பெர்கர் சுருக்கெழுத்தில் அவர் எழுதிவைத்த தாள்கள் இறுதியில் ஏறத்தாழ 40,000 பக்கங்களாயின. ஒத்துணர்வு பற்றிய ஆய்வுக்காக 1916 இல் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டைன், அச்சுருக்கெழுத்தைக் கற்று, தாள்களைப் பெயர்த்தெழுதி, வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்ட பகுதிகளை இணைத்துத் தொடர்ச்சியான நூலாக்க முயன்றார். இதனைப் படியெடுத்தல் என்பது பொருந்தாது. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்பவர் ஆசிரியரிடம் ஐயம் கேட்க இயலாது. ஸ்டைனின் ஆசிரியரோ அடுத்த அறையில் இருந்தார், ஆனால் அவர் ஆயத்தம் செய்து கொடுத்தவற்றைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நண்பர் ரோமன் இங்கார்டனுக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டைன் இதுகுறித்துக் குறைபட்டுள்ளார். 1918 பிப்ரவரியில் பணியிலிருந்து விலகினார்.

அவர் உருவாக்கிய படிகளுள் ஒன்று, ஹுசெர்லின் 'எண்ணங்கள்' நூலின் இரண்டாம் தொகுதிக்கு அடிப்படையாயிற்று. அத்தொகுதி 1952 இல்தான் அச்சேறியது.

கால உணர்வு பற்றிய விரிவுரைகள்

நாதசுரத்தில் ஓர் இராகத்தைக் கேட்கும்போது நம் காதில் விழுவது அந்தந்தக் கணத்துச் சுரம் மட்டுமே. எனினும் சற்றுமுன் ஒலித்தது மனத்தில் தங்கியும், அடுத்து வருவது எதிர்பார்க்கப்பட்டும் இருப்பதால் இராகம் இராகமாகக் கேட்கிறது. இத்தகைய கால உணர்வை ஹுசெர்ல் 1905 விரிவுரைகளில் ஆராய்ந்தார். 1917 இல் ஸ்டைன் அவ்விரிவுரைகளோடு பிந்தைய குறிப்புகளையும் சேர்த்து ஒரே நூலாகத் தொகுத்தார்.

அந்நூல் 1928 இல் மார்ட்டின் ஹைடெக்கரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. முன்னுரை, சுருக்கெழுத்தைப் பெயர்த்தெழுதியவர் என்ற அளவிலேயே ஸ்டைனைக் குறிப்பிட்டது. இது பெயர் விடுபட்ட சிக்கல் மட்டுமன்று. பல ஆண்டுகளில் வளர்ந்த கருத்துகளை 1905 ஆம் ஆண்டுக்குரியனவாகவே படிப்பவர்கள் கொள்ள நேர்ந்தது.

இதற்கிடையே, 1919 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் தகுதி பெற ஸ்டைன் செய்த முயற்சி, அவர் பெண் என்பதால் ஏற்கப்படவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் கத்தோலிக்கத் துறவியான அவர் 1942 இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ருடால்ஃப் போயெம் 1966 இல் வெளியிட்ட திறனாய்வுப் பதிப்பு, எந்தப் பகுதி எந்த ஆண்டினது என்பதையும், அவற்றை ஒன்றிணைத்தவர் ஸ்டைனே என்பதையும் தெளிவுபடுத்தியது.