விதி மாறும்போது நடுவர்

தெருவிலோ பள்ளித் திடலிலோ நீங்கள் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவர் புதிய விதியொன்றைச் சொன்னால் என்ன நிகழும்? சிலர் ஏற்பர், சிலர் மறுப்பர், அனைவரும் நடுவரின் முகத்தையே நோக்குவர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆடப்படும் பேஸ்பால் விளையாட்டில் விதிகள் மாறும்போது நடுவர்கள் அவற்றை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பேஸ்பாலில் ஒருவர் பந்தை எறிவார். எதிரணியினர் அதனை உருளை வடிவ மட்டையால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி ஓட்டம் பெறுவர். தொழில்முறை ஆட்டத்தில் 9 சுற்றுகள் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் 7 சுற்றுகளே. பள்ளி ஆட்டத்துக்கான விதிகளை இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுக்கிறது. அவ்விதிகளைக் களத்தில் நிறைவேற்றுவோர் நடுவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டே மாலை வேளைகளில் இப்பணியை ஆற்றுபவர்கள்.

2012ஆம் ஆண்டு மட்டை பற்றிய விதி மாறியது. பழைய உலோக மட்டைகளில் பட்ட பந்து மிகுந்த விசையுடன் தெறித்துச் சென்றது. பந்து எறிபவரோ மட்டையாளரிடமிருந்து ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவிலேயே நிற்கிறார். அவருடைய பாதுகாப்பைக் கருதி, மரத்தாலான மட்டையைப் போன்றே செயல்படும் உலோக மட்டைகளுக்கு மட்டுமே இசைவு அளிக்கப்பட்டது. அம்மட்டைகளில் பி.பி.சி.ஓ.ஆர். என்னும் முத்திரை இருத்தல் வேண்டும். முத்திரையற்ற உலோக மட்டையுடன் களமிறங்கும் மாணவர் ஆட்டமிழந்தவர் ஆவார். விதியின் நோக்கத்தில் குறை காண்பதற்கு இடமில்லை. எனினும், அறியாமல் பழைய மட்டையை எடுத்துவந்த மாணவனைக் களத்தைவிட்டு அனுப்புவது எந்த நடுவருக்கும் இனிய செயலன்று. அவன்மீது இரக்கம் கொண்டு விட்டுவிட்டால், முறையான மட்டையுடன் வந்த எதிரணி மாணவனுக்கு அநீதி செய்தவராவார்.

2017ஆம் ஆண்டுப் பருவம் முதல் மற்றொரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் பல மாநிலங்களில், ஒரு மாணவர் எத்தனை சுற்றுகள் பந்து எறியலாம் என்பதே வரம்பாக இருந்தது. ஆனால் ஒரு சுற்று 10 எறிகளிலும் முடியலாம். 40 எறிகள் வரையும் நீளலாம். வளரும் பிள்ளைகளின் முழங்கையும் தோளும் மிகுந்த உழைப்பினால் சேதமுறுவதைத் தடுக்க, எறிகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு ஓய்வுநாள் வரையறுக்கப்பட வேண்டும் என்று கூட்டமைப்பு விதித்தது. எண்ணிக்கை எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்துகொள்ளலாம்.

இங்கே நடுவர்களுக்கு இயல்பாக எழும் வினா ஒன்று உண்டு: “எறிகளை எண்ணுபவர் யார்?” மட்டையாளரின் பின்புறம் நிற்கும் நடுவர், ஒவ்வோர் எறியும் முறையானதா, தவறியதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். கையில் அடங்கும் சிறு எண்ணுகருவியால் அத்தீர்ப்புகளைக் கணக்கிட வேண்டும். இவற்றோடு இன்னொரு கணக்கும் சேர்ந்தால் கவனம் சிதறும். ஆதலால் எறிகளைக் குறிக்கும் பணி பெரும்பாலும் அணிகளின் குறிப்பாளர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது; அதனை நிறைவேற்றுபவர் யார் என்பதும் தெளிவாக இருந்தால்தான் விதி பயன் தரும்.

பழக்கத்தை மாற்றிக்கொள்வது இவற்றினும் கடினமானது. பந்து எறிபவர் முறையற்ற அசைவால் ஓட்டக்காரரை ஏமாற்றினால் அது ‘பாக்’ என்னும் குற்றம். பள்ளி ஆட்டத்தில் அக்கணமே ஆட்டம் நிற்கும். ஓட்டக்காரர் ஒரு தளம் முன்னேறுவார். தொழில்முறை ஆட்டத்திலோ அதே குற்றத்துக்குப் பின்னும் ஆட்டம் தொடரக்கூடும். தொலைக்காட்சியில் அதனைக் கண்டு பழகிய பார்வையாளர், பள்ளி நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதும் “விதி தெரியாதவர்!” என்று கூச்சலிடுவதுண்டு. அவ்விடத்தில் நடுவருக்குத் துணை நிற்பது விதிநூல் ஒன்றே. இருவகை ஆட்டங்களிலும் பணியாற்றும் நடுவரின் கையும் குரலும் களத்துக்கேற்ப மாற வேண்டும். அதனால்தான் அவர்கள் பருவம் தொடங்குமுன் புதிய விதிநூலைப் பயில்கின்றனர். மாநிலச் சங்கங்கள் நடத்தும் விளக்கக் கூட்டங்களில் பங்கேற்று ஐயங்களைக் கேட்டுத் தெளிகின்றனர்.

நடுவருக்கும் சொந்தக் கருத்து உண்டு. ஒரு விதி தேவையற்றது என்று அவர் எண்ணலாம். அதனைச் சங்கத்திடம் எடுத்துரைக்கலாம். ஆயினும் ஆட்டம் தொடங்கியபின் தமக்குப் பிடித்த விதியைக் கடுமையாகவும், பிடிக்காத விதியைத் தளர்வாகவும் நிறைவேற்ற அவருக்கு உரிமையில்லை. களத்தில் நிற்கும் இரண்டு அணி மாணவர்களும் ஒரே விதியை நம்பியே ஆடுகின்றனர். அந்த நம்பிக்கையைக் காப்பவரே நடுவுநிலை தவறாத நடுவர்.

அருஞ்சொற்பொருள்
இசைவு – அனுமதி
ஏறத்தாழ – சுமார்
ஐயம் – சந்தேகம்
குறிப்பாளர் – ஆட்டக் கணக்கை எழுதுபவர்
நடுவுநிலை – ஒருபக்கம் சாயாத தன்மை

பயிற்சி
1. 2012ஆம் ஆண்டு மட்டை விதி மாற்றப்பட்டதன் காரணம் யாது?
2. சுற்றுகளை எண்ணுவதைவிட எறிகளை எண்ணுவது ஏன் பொருத்தமானது?
3. பிரித்து எழுதுக: விதியொன்று, அக்கணம், ஒவ்வோர் எறியும்.
4. நீங்கள் ஆடும் விளையாட்டில் மாற்ற விரும்பும் விதி ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கான காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக. அதனை நிறைவேற்றுபவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுக.