சட்ட மாணவரின் 20 வாரங்கள்: எங்கே, யாரிடம் பயில்வது?

செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் சட்டக் கல்லூரிகளில் ஒரே பேச்சுதான்: "உனக்கு இன்டர்ன்ஷிப் எங்கே கிடைச்சது?" மும்பையிலோ டெல்லியிலோ பேர் பெற்ற சட்ட நிறுவனத்தைச் சொல்பவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. சொந்த ஊர் வக்கீலிடம் போகிறேன் என்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், முதலில் விசாரிக்க வேண்டியது அந்த ஊர் வக்கீலைப் பற்றித்தான்.

விதி என்ன சொல்கிறது? இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வக்கீல் அலுவலகம், சட்ட நிறுவனம், கம்பெனி, தொண்டு நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு எங்கும் போகலாம். ஆனால் பலர் படிக்காமல் தாண்டிவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

இந்த வாரங்களின் அருமை தெரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், பட்டத்துக்குப் பிறகு பயிற்சியும் தேர்வும் முடித்தவரையே பதிவு செய்யச் சொன்னது. 1973இல் வந்த திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. 1995இல் ஓராண்டுப் பயிற்சியைப் பார் கவுன்சில் விதியாகக் கொண்டுவந்தது. அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று பட்டம் பெற்றவர் பார் தேர்வை எழுத வேண்டும். ஆனால் அது எழுத்துத் தேர்வு. ஆகவே ஒரு வழக்கறிஞர் கட்டாயமாகத் தொழிலை நேரில் பார்க்கும் காலம் கல்லூரி நாட்களில் வரும் இந்த வாரங்கள் மட்டுமே. அதைச் சான்றிதழுக்காக மட்டும் கழிப்பது மாணவருக்கும் நஷ்டம், நாளை அவரை நம்பி வரும் கட்சிக்காரருக்கும் நஷ்டம்.

வக்கீல் அலுவலகத்தில் என்ன நடக்கும்? காலையில் காஸ் லிஸ்ட் (அன்று கோர்ட்டில் வரும் வழக்குகளின் பட்டியல்) பார்த்து அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து வைப்பதில் தொடங்குகிறது. கட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி தொழில் கைக்கு வந்த மாதிரி: பிராது, எதிர்வாதுரை, ஆவணங்கள், இடையில் போட்ட மனுக்கள், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்ற குறிப்பு. பிறகு கிளார்க்கோடு கோர்ட்டின் தாக்கல் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். கோர்ட் ஃபீஸ் குறைவு, தேதி தவறு, கையெழுத்து விட்டுப்போனது என்று தாக்கல் செய்த மனு திரும்பி வரும்; அதைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வதைச் சொல்லித்தரும் பாடப்புத்தகம் இல்லை. அனுபவமுள்ள கிளார்க்கே அங்கே ஆசிரியர்.

இவற்றிலும் முக்கியமானது சாட்சி விசாரணை. சிவில் வழக்கில் முதல் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே வந்துவிடுவதால், நேரில் பார்க்கக் கிடைப்பது குறுக்கு விசாரணைதான். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை முன்சீஃப் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்துதான் கற்க முடியும். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்த வேலையும் நல்ல வேலைதான். ஆனால் அங்கே நான்கு வாரம் தீர்ப்பு தேடிக் கொடுத்த மாணவர் ஒரு சாட்சியைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடலாம்.

காலம் பார்த்துப் போவதும் அவசியம். மே மாதம் கல்லூரிக்கு லீவு. சிவில் கோர்ட்டுகளுக்கும் லீவு. உயர் நீதிமன்றத்தில் விடுமுறைக் கால அமர்வு மட்டுமே. மே மாதம்தான் முடியும் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட் வேலை உள்ள அலுவலகத்தைத் தேடலாம். இல்லையேல் ஜூன் முதல் போகலாம்.

இடமும் ஒரு சிக்கல். 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது; வகுப்பு முடிந்து நடந்தே கோர்ட் ஹாலுக்குப் போகலாம். 2018இல் வகுப்புகள் பட்டறைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாறின. அந்த நடை தூரம் போனது, என் பார்வையில், பெரிய இழப்பு.

குடும்பத்தில் வக்கீலே இல்லாத மாணவர் யாரிடம் போய்க் கேட்பது? பத்தாண்டு அனுபவமுள்ள, பயிற்சி தர விருப்பமுள்ள வழக்கறிஞர்களின் பட்டியலை மாவட்ட வாரியாக மாநில பார் கவுன்சில் தயாரிக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கல்லூரி முதல்வரிடம் அந்தப் பட்டியலைக் கேட்பது மாணவரின் உரிமை. பயிற்சி மாணவருக்குப் பணம் தரச் சொல்லும் அப்படி ஒரு விதி இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சொன்னது பதிவு செய்த ஜூனியர் வழக்கறிஞர்களுக்குத்தான், மாணவர்களுக்கு அல்ல. அறை வாடகை கொடுத்துச் சென்னையில் தங்க முடியாதவர் தம் மாவட்டக் கோர்ட்டிலேயே பயிலலாம். விதியின் கண்ணில் இரண்டும் சமம்.

எங்கே பயின்றாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: கட்சிக்காரர் சீனியரிடம் சொன்னது வெளியே போகக் கூடாது. வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும்கூடச் சாட்சியச் சட்டம் இந்த ரகசியக் காப்புக்குள் கொண்டுவருகிறது. பயிற்சி மாணவரும் அப்படியே நடக்க வேண்டும். கட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதோ, பயிற்சி டைரியில் கட்சிக்காரர் பெயரை எழுதுவதோ கூடாது.

மாணவிகளும் பெற்றோரும் அறிய வேண்டியது இன்னொன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சியாளரையும் ஊழியர் என்றே கொள்கிறது. பெரும்பாலான வக்கீல் அலுவலகங்களில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கே உள் புகார்க் குழு இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நேர்ந்த துன்புறுத்தலை மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகாராகக் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம்.