பறங்கிக் கொடி திடீரென வாடுதல்: காரணமும் பரிகாரமும்

2019-ம் வருஷத்தில் விழுப்புரத்தினின்றும் பிரிந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவில், வீட்டுக் கொல்லைகளிலும் கிணற்றடித் தோட்டங்களிலும் பறங்கி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளைப் பயிரிடுவது வழக்கம். பொங்கலுக்குக் காய் வேண்டிப் புரட்டாசியில் ஊன்றிய பறங்கி, பிஞ்சு விட்ட தருணத்தில் துவண்டு விழுமாயின் குடியானவர் அடையும் நஷ்டம் சிறிதன்று. தண்ணீர்க் குறைவே காரணமென்று கருதி மேலும் பாய்ச்சுவோர் உண்டு. நோயுள்ள இடத்தில் இது கேட்டை அதிகரிக்குமேயன்றிக் குறைக்காது.

உச்சி வெயிலில் தளர்ந்து மாலையில் நிமிரும் கொடியைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. விடியற்காலையிலும் வாடியே இருப்பின், அக்கொடியை வேருடன் பிடுங்கிப் பரீட்சிக்க வேண்டும். வேரிலும் அடித்தண்டிலும் துளைகளும் வெளிர்நிறப் புழுவும் காணப்படின், அது சிவப்பு வண்டின் குட்டிப் புழுவாகும். வண்டு இளம் இலைகளைத் தின்னும். அதன் புழுவோ மண்ணிலிருந்தபடியே வேரைக் குடையும். தண்டை நீளவாக்கில் பிளக்க, உட்புறம் பழுப்புக் கோடுகள் தெரியின் பூஞ்சணத்தாலாகும் வாடல் நோயாகும். வேரில் முடிச்சுகள் தோன்றின் நூற்புழுவே காரணம். மேல்நாட்டு நூல்கள் விசேஷமாகக் கூறும் தண்டு துளைக்கும் அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்துக்குரியது; அதற்குரிய சிகிச்சையை இங்கே கைக்கொள்வதால் பிரயோஜனமில்லை.

நன்றாய் வாடிய கொடியைப் பிழைப்பிக்க இயலாது. அதனைப் பிடுங்கி எரித்துவிட்டு, எஞ்சியவற்றைக் காக்க வேண்டும். வண்டுகள் மந்தமாயிருக்கும் அதிகாலையில் அவற்றைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். இளஞ்செடிகளின் மீது ஆறின சாம்பலைத் தூவலாம். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இக்குடும்பக் கொடிகளின் இலையைக் கருக்குமாதலால் அவற்றைத் தூவலாகாது. ஈ குத்தி அழுகி உதிர்ந்த பிஞ்சுகளைச் சேர்த்து ஆழப் புதைக்க வேண்டும்.

அடுத்த போகத்துக்கு முன் நிலத்தை ஆழ உழுதால், மண்ணிலுள்ள புழுவும் கூட்டுப் புழுவும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். இரண்டு மீட்டர் இடைவெளியில் 30 சென்டிமீட்டர் ஆழக் குழியெடுத்து, குழியொன்றுக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் இடுக. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து ஊன்றுக. வாடல் நோய் கண்ட நிலத்தில் பூஞ்சணம் பல வருஷம் தங்குமாதலால், அங்கே கம்பு, சோளம் முதலிய தானியங்களை மாற்றிப் பயிரிடுதல் நலம். கல்வராயன் மலைச்சரிவில் மழைநீர் குழியில் தங்காதபடி வடிகால் அவசியம்.

ஒருவர் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. வண்டு அடுத்த கொல்லையிலிருந்து பறந்து வரும். ஆதலின் அறுவடையானதும் பழைய கொடிகளை ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் அகற்றி எரிக்குமாறு கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பார்களாயின், வரும் போகத்தில் சேதம் பெரிதும் குறையும்.