உங்களுக்குத் தெரியுமா? – டிவிக்கு வைஃபை எட்டாதபோது...

படம் கிளைமாக்ஸை நெருங்கும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், பழி முதலில் டிவி மேல்தான் விழும். பல நேரம் கோளாறு வேறெங்கோ இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

★ முதல் சோதனை செல்போனில்தான். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் நின்று அதே வைஃபையில் ஒரு வீடியோ ஓட்டுங்கள். போனும் திணறினால் டிவியைத் தொட வேண்டாம். ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், வீட்டுக்குள் சிக்னலே வரவில்லை என்று பொருள். இணைப்புக் கொடுத்தவரைத்தான் அழைக்க வேண்டும்.

★ ரிமோட்டில் அணைத்தால் ஸ்மார்ட் டிவி முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். சிக்கிக்கொண்ட பழைய இணைப்பும் நினைவில் அப்படியே கிடக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பாதிச் சிக்கல்கள் இதிலேயே தீரும்.

★ கரண்ட் போய் வந்ததும் டிவியில் நெட் இல்லையா? ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் நிதானத்துக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். டிவி முந்திக்கொண்டு தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிடும். முதலில் ரவுட்டர், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு டிவி என்ற வரிசையில் போடுங்கள்.

★ மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அடுப்பிலிருந்து கசியும் துளி அலை நமக்குத் தீங்கு செய்யாது. ஆனால் வைஃபையைக் குழப்ப அது போதும். சாப்பாடு சூடாகும் நேரத்தில் மட்டும் படம் நின்றால் காரணம் சமையலறையில் இருக்கிறது.

★ ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டினால், அதில் '5ஜி' என்று முடிவது செல்போன் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. இது வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. ரவுட்டரும் டிவியும் ஒரே ஹாலில் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். நடுவே இரண்டு சுவர் இருந்தால் 2.4 தான் தாங்கும்.

★ போனில் தெரியும் வைஃபை பெயர் டிவியில் மட்டும் தெரியவில்லையா? அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13-ஆம் சேனல்கள் கண்ணில் படாது. அங்கே 11 வரைதான் வழக்கம். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் 52 முதல் 144 வரையான சேனல்களும் சில டிவிகளுக்குப் பிடிபடாது. ரவுட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11-இல் ஒன்றையோ 36 முதல் 48-க்குள் ஒன்றையோ வையுங்கள்.

★ படம் பார்க்க டிவியின் பின்னால் செருகிய ஹார்ட் டிஸ்க்கே நெட்டைக் கெடுக்கலாம்! யூஎஸ்பி 3.0 கருவிகளும் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் எழுப்புவதை 2012-இல் இன்டெல் நிறுவனமே விளக்கி அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

★ வைஃபைக்கு ஆகாதவை: இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி. உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிவிடும். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் தவறு.

★ சுவர்களில் மோதிச் சிதறும் அலைகளை ஒழுங்குபடுத்தும் முக்கிய நுட்பம் ஒன்று வந்த வழி வானியல். வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோ அலையைத் தேடியவர் ஆஸ்திரேலியாவின் ஜான் ஓ'சல்லிவன். கருந்துளை அகப்படவில்லை. அந்தத் தேடலில் பழகிய கணித முறையைக் கொண்டு அவரும் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனச் சகாக்களும் உருவாக்கிய நுட்பத்துக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

★ 'வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை' என்கிறதா? நெட்வொர்க் விவரத்தில் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் டிவி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். ஐபி எண் சரியாக இருந்தால் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

★ டிவியின் தேதி தவறினாலும் ஆப்கள் திறக்காது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. டிவி 2015-இல் நின்றுகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் அதற்குச் செல்லாது. 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல தடுமாறின.

★ போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால், இரண்டிலும் நெட் ஓடும், ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

★ 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட். பல டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட் தாங்கும். ரவுட்டர் அருகிலேயே இருந்தால் ஒரு லேன் வயர் போதும். வைஃபை வம்பே வேண்டாம்.

★ எல்லாம் சரி, ஒரே ஒரு ஆப் மட்டும் வரவில்லையா? டிவிக்கு வயதாகியிருக்கலாம். அமெரிக்கா, கனடாவில் விற்ற 2010, 2011-ஆம் ஆண்டு சாம்சங் மாடல்கள் சிலவற்றில் 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அப்படிப்பட்ட டிவியைத் தூக்கிப் போட வேண்டாம்; ஹெச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

★ 'ஃபேக்டரி ரீசெட்' கடைசி ஆயுதம். ஆப்களும் லாகின்களும் சேனல் வரிசையும் அழிந்துபோகும். அதற்கு முன் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறதா என்று தேடுங்கள். அது வைஃபை விவரங்களை மட்டுமே அழிக்கும். எதைச் செய்வதானாலும் வைஃபை பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்!