பழைய காலுறை, கொஞ்சம் பச்சைப்பயறு: பதற்றத்துக்கு ஒரு பிரேக்

தீபாவளிக்கு முந்தைய வார இறுதி. பாசிர் ரிஸ் நிலையத்தில் குடும்பத்தோடு ரயில் ஏறுகிறீர்கள். பூகிஸில் இறங்கி, டௌன்டவுன் பாதைக்கு மாறி, லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள். தலைக்கு மேலே ஒளியூட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு, மல்லிகைப்பூ மணம், பலகாரம் பொரியும் எண்ணெய் வாசனை, தோளை இடிக்கும் கூட்டம். உங்களுக்கு இது கொண்டாட்டம். உங்கள் 6 வயதுத் தம்பியோ திடீரெனக் காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அழுகை, அலறல். கையைப் பிடித்தால் உதறுகிறான். கடந்துபோகும் ஒருவர், "என்ன பிள்ளை வளர்ப்போ!" என்று முணுமுணுக்கிறார். அம்மாவின் முகம் வாடிப்போகிறது.

தம்பி அடம் பிடிக்கிறானா? அல்லது அவன் உடலுக்குள் வேறு ஏதாவது நடக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், அடுத்த முறை நீங்கள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். வீட்டில் கிடக்கும் பொருள்களை வைத்தே அவனுக்கு உதவும் கருவிகளையும் செய்துகொடுக்கலாம்.

மூளையின் அபாய மணி

நம் மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பின் வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். ஆபத்து வருகிறதா என்று கவனிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பெரும் சத்தம், கண்கூசும் ஒளி, எதிர்பாராத இடி எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அது அபாய மணியை அடிக்கிறது. உடனே பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. தசைகள் இறுகுகின்றன. உடல் ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகிவிட்டது.

இந்த மணியை அடக்கி, "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லவேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. ஆனால் அந்தப் பகுதி முழுமையாக முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது வரை ஆகும். 6 வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் கட்டுமானப் பணி நடக்கும் இடம். (உங்களுக்கும் அந்தப் பணி முடியவில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் அற்பக் காரணத்துக்காக அக்காவோடு சண்டை போட்டது நினைவிருக்கிறதா?) அபாய மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போது "அழாதே", "சும்மா இரு" என்ற சொற்கள் அவனுக்குள் எளிதில் இறங்குவதில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தாக்கும். பசியும் களைப்பும் சேர்ந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் இந்த நிலை வரக்கூடும்.

பிரேக் எங்கே இருக்கிறது?

உடலில் ஆக்சிலரேட்டர் இருப்பதுபோல் பிரேக்கும் இருக்கிறது. மூளையிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்புதான் அது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும். மெதுவாக வெளியே விடும்போது சற்று தணியும். மூச்சை விடும் நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்தை மெல்லப் பிடித்து நிறுத்துகிறது.

இதயத்துக்கு நாம் நேரடியாகக் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னபடியும் கேட்கும். எனவே பிரேக்கை மிதிக்க நமக்குக் கிடைத்திருக்கும் எளிய வழி, நீளமாக மூச்சு விடுவது.

சிக்கல் என்னவென்றால், அலறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "மெதுவாக மூச்சு விடு" என்றால் நடக்காது. அவன் கண்ணுக்கோ கைக்கோ தோலுக்கோ ஒரு வேலை கொடுத்தால் கவனம் அதன் பக்கம் திரும்பும்; மூச்சும் அதன் வேகத்துக்கு இணங்கி வரும். புலன்வழிக் கருவிகள் செய்யவேண்டிய வேலை இவ்வளவுதான்.

மரப்பெட்டி செய்த மாணவி

இப்படிப்பட்ட கருவிகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றைச் செய்தவர் ஒரு மாணவி. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1947ல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். பதின்ம வயதில் அரிசோனாவில் தம் அத்தையின் பண்ணைக்குச் சென்றபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைக் கண்டார். அதற்குள் போனதும் சில மாடுகள் அமைதியாவதைக் கவனித்தார். 18 வயதில், தம் உடலை இரு பக்கமும் அழுத்தும் ஒரு கருவியை மரப்பலகையால் செய்துகொண்டார். அதற்குள் இருந்தால் அவருடைய பதற்றம் தணிந்தது.

பள்ளியில் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக், அது ஏன் வேலை செய்கிறது என்று ஆராய்ந்து கண்டுபிடிக்கச் சொன்னார். பின்னாளில் கிராண்டின் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். ஆழ்ந்த அழுத்தம் தரும் அமைதியைப் பற்றி 1992ல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அந்த ஆசிரியரின் அறிவுரையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது நமக்கும் தேவைப்படும்.

கருவி 1: கண்ணுக்கு ஒரு போத்தல்

ஒளிபுகும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் 3 பங்கு, நிறமற்ற பசை 1 பங்கு ஊற்றிக் கலக்குங்கள். 2 தேக்கரண்டி கிளிட்டர் தூள் சேருங்கள். மூடியைச் சுற்றிலும் வலுவான ஒட்டுப்பசை தடவி இறுக மூடுங்கள். குலுக்கினால் தூள் சுழன்று, மெல்ல மெல்ல அடியில் படியும்.

எவ்வளவு மெதுவாக? அதைத் தீர்மானிப்பது திரவத்தின் பாகுநிலை. 1851ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கண்டறிந்த விதிப்படி, சிறிய கோளம் ஒன்று திரவத்தில் இறங்கும் வேகம் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கிளிட்டர் துகள் கோளம் அல்ல. ஆனாலும் பசையைக் கூட்டினால் மெதுவாகவும், தண்ணீரைக் கூட்டினால் வேகமாகவும் இறங்கும். தூள் படிய ஏறக்குறைய 1 நிமிடம் ஆகும்வரை அளவை மாற்றிப் பாருங்கள். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி. அந்த 1 நிமிடத்துக்குள் 6 மூச்சு அடங்கிவிடும். தம்பி எண்ணவேண்டியதில்லை, நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குக் கேட்கும்படி மூச்சு விட்டால் போதும்.

கருவி 2: கைக்கு ஒரு காலுறை

பழைய பள்ளிக் காலுறை ஒன்று. அதற்குள் ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. தேக்காச் சந்தையிலிருந்து அம்மா வாங்கிவந்த பையிலேயே இருக்கும். நிரப்பி, முடிச்சுப் போட்டு, வாயை நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். மேலே இன்னொரு காலுறையை மாட்டித் தைத்தால் உறுதியாக இருக்கும். 5 எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து, பிறகு விடவேண்டும்.

இறுக்கும்போது தசைகளிலும் தசைநாண்களிலும் உள்ள உணர்விகள் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. அழுத்தத்தை மின் செய்தியாக மாற்றும் பியேசோ2 என்ற புரதம் இதில் முக்கியமானது. அதைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூடியனுக்கு, டேவிட் ஜூலியஸுடன் சேர்த்து, 2021ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இறுகிய தசையை விடும்போது தளர்ச்சி எப்படியிருக்கும் என்பதும் பிள்ளைக்குப் புரிகிறது.

பலூனுக்குள் மாவை அடைத்துச் செய்யும் பந்தைத் தவிர்த்துவிடுங்கள். கிழிந்த பலூன் துண்டு சிறு பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் மணிகளும் வேண்டாம். விழுங்கினால் அவை வயிற்றுக்குள் பெரிதாகும். பயற்றில் வாடை வந்தாலோ வண்டு வைத்தாலோ மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரமே நடக்கும்.

கருவி 3: தோலுக்கு ஒரு பட்டை

பாட்டியின் பழைய பட்டுச் சேலைத் துண்டு, வெல்வெட், பழந்துவாலை ஆகியவற்றை ஓர் அடி நீளத்துக்கு அடுத்தடுத்துத் தைத்தால் தொடுபட்டை தயார்.

நம் தோலில், முடி வளரும் இடங்களில், சி-தொடு இழைகள் என்ற மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் மென்மையாக வருடினால்தான் அவை நன்றாகத் துடிக்கும். அவசரமாகத் தேய்த்தால் அவ்வளவாகப் பொருட்படுத்தா. உள்ளங்கையில் அவை மிக அரிது. எனவே பட்டையை முன்கையில் வருடவேண்டும். சிறுவனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறக்குறைய 18 செ.மீ. இருக்கும். விநாடிக்கு 3 செ.மீ. என்றால் ஒரு வருடலுக்கு 6 விநாடி. நாம் மூச்சு விடுவதற்கு எடுத்துக்கொண்ட அதே 6 விநாடி.

ஒன்றை மறக்காதீர்கள். பதற்றத்தில் இருக்கும் சில பிள்ளைகளுக்கு யாரும் தொடுவதே பிடிக்காது. பட்டையை அவன் கையில் கொடுங்கள்; நீங்களாக வருடத் தொடங்காதீர்கள்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா?

கார்லாக் சொன்னதுபோல், கண்டுபிடியுங்கள். தம்பி ஓடியாடிக் களைத்திருக்கும் ஒரு நாளில் அவன் நாடியை 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 2 நிமிடம் போத்தலைப் பார்க்க விட்டு, மீண்டும் எண்ணுங்கள். குறைந்திருக்கும். உடனே வெற்றி என்று குதிக்காதீர்கள். ஓடி நின்ற எவருக்கும் நாடி தானாகவே குறையும். எனவே இன்னொரு நாள் அதே அளவு ஓடவிட்டு, போத்தல் இல்லாமல் 2 நிமிடம் உட்காரவையுங்கள். இரண்டு நாள்களின் எண்களையும் ஒப்பிடுங்கள். இதுதான் கட்டுப்பாட்டுச் சோதனை. பல நாள் செய்தால்தான் நம்பலாம். "இப்போது எப்படி இருக்கிறது, 1 முதல் 5க்குள் சொல்" என்று அவனையும் கேளுங்கள்.

அறிவியல் உலகமும் இதில் எச்சரிக்கையாகவே பேசுகிறது. புலன்வழிச் சிகிச்சைகளின் பயனுக்கான சான்று குறைவாகவே உள்ளது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல் கூறியது. பயன்படுத்தினால், உண்மையில் பலன் தருகிறதா என்று கவனித்துப் பார்க்கும்படியும் அது கேட்டுக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு உதவுவது இன்னொருவருக்கு எரிச்சலூட்டலாம். தம்பிக்கு எது பிடிக்கிறது என்பதை அவன்தான் சொல்லவேண்டும்.

பழக்கமும் முக்கியம். தீயணைப்புப் பயிற்சியைத் தீப்பிடித்த பிறகு யாரும் தொடங்குவதில்லை. வீட்டில் அவன் சிரித்து விளையாடும் நேரத்தில் கருவிகளோடு பழக விடுங்கள். சிராங்கூன் சாலையில் முதன்முறையாகக் காலுறையைக் கொடுத்தால் அதைத் தூக்கி எறிவான்.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். மேத்யூ லீபர்மன் குழு 2007ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயரிட்டபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது தெரியவந்தது. கோபமா, பயமா, எரிச்சலா, வெட்கமா? தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

மணல் இருக்கும் ஊரில்

அமைதிக்கு இடம் ஒதுக்கும் வழக்கம் சிங்கப்பூரில் வளர்ந்துவருகிறது. 2016ல் ஹார்ட்பார்க்கில் சிகிச்சைத் தோட்டம் திறக்கப்பட்டது. 2023ல் திறக்கப்பட்ட பொங்கோல் வட்டார நூலகத்தில், புலன்களுக்குச் சுமை கூடியவர்கள் ஒதுங்கி இருப்பதற்கான அமைதிக் கூடுகள் உள்ளன. உங்கள் வீவக வீட்டிலும் ஒரு மூலை போதும்: ஒரு தலையணை, மூன்று கருவிகள். தண்டனை கொடுக்க அந்த மூலையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், அல்லது இந்த நிலை அடிக்கடி வந்தால், கருவிகளோடு நின்றுவிடக்கூடாது. பெற்றோரிடம் சொல்லுங்கள். மருத்துவர் வழியாக, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்வழிச் சிகிச்சை நிபுணரைப் பார்க்கலாம். உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் பள்ளி ஆலோசகர் இருக்கிறார்.

மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல். கூட்டமில்லாத ஒரு காலையில் தம்பியைப் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஈர மணலில் பாதத்தைப் புதைக்கட்டும், கையால் தோண்டட்டும். கைக்கும் தோலுக்கும் வேலை, கண்ணுக்கு அலை. மூன்று கருவிகளும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. அடுத்த தீபாவளிக் கூட்டத்தில் அவன் மீண்டும் காதைப் பொத்திக்கொள்ளலாம். அப்போது முணுமுணுப்பவரைப் பார்க்காதீர்கள். தம்பியின் உயரத்துக்குக் குனிந்து, பையிலிருந்து காலுறையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவனுக்குக் கேட்கும்படி நீளமாக மூச்சு விடுங்கள்.